ஏழாம் இலக்கத்தின் பங்கு

"மே 13, செவ்வாய். சட்டை 12. ஒன்றுக்குக் கழுத்துத் தையல் விட்டிருந்தது, தைத்தேன். புல்லுக்கறை முழுக்கப் போகவில்லை."

இது ஒரு சலவைச் சீட்டு. கோடு போட்ட கொப்பித்தாளை நாலாக மடித்துக் கிழித்து, நீல மையில் எழுதி, தோய்த்து மடித்த சட்டைகளின் மேல் வைக்கப்பட்டது. எங்கள் கிரிக்கெட் கழகத்தின் சட்டைகள் வரும் பைக்குள் ஒவ்வொரு வாரமும் இப்படி ஒரு சீட்டு வரும். நான் அங்கே விளையாடுவதில்லை, முழங்கால் இடம் தராது. ஸ்கோர் எழுதுகிறேன். சீட்டுகளை எறிய மனமில்லாமல் ஸ்கோர் புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகி வைத்திருந்தேன். மே 11 ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் பக்கத்தையும் இந்தச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது ஓகஸ்டில்தான். என் ஸ்கோர் பக்கத்தில் பதினொரு பேர். அதன் கீழே, "மேலதிகமாக வந்தவர்: இல்லை" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பதினொரு பேர் விளையாடினால் பதினொரு சட்டைதான் அழுக்காக வேண்டும்.

கழகம் ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களின் அணி. ஒருவரைத் தவிர எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பக்கம். எங்களுக்கென்று மைதானம் கிடையாது. ஒரு பேஸ்போல் கழகத்தின் இரண்டாவது மைதானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கிறோம். உடை மாற்ற ஓரத்தில் ஒரு கொன்டெய்னர். ஒன்று முதல் பதினாறு வரை இலக்கமிட்ட பதினாறு நீலச் சட்டைகள், எல்லாவற்றுக்கும் ஒரே பை. யாரும் தன் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. முன்பு ஒரு வருடம் அப்படிச் செய்து, ஆளுக்கொரு சோப்பில் தோய்த்து, ஒரு நீலம் பதினாறு நீலமாகிவிட்டது. அதைப் பார்த்த ஏழாம் இலக்கக்காரரின் மனைவி, "எல்லாத்தையும் இஞ்ச தாங்கோ" என்று பையை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஒன்பது வருடம் அவர்தான் தோய்த்தார். ஞாயிறு பின்னேரம் பை அவர் வீட்டுக்குப் போகும். போட்டவை மேலே சுருண்டபடி, போடாதவை கீழே மடித்தபடி. அடுத்த ஞாயிறு எல்லாமே மடித்தபடி வரும், மேலே சீட்டோடு.

அவருடைய கணவர் மெதுவாகச் சுழற்றி வீசும் பந்துவீச்சாளர். வலது தோளில் நோவுத் தைலம் பூசாமல் மைதானத்துக்குள் இறங்கமாட்டார். அவர் பக்கத்தில் நின்று களத்தடுப்புச் செய்தால் நமக்கும் தடிமல் குணமாகும் என்று பகிடி பண்ணுவார்கள். பெப்ரவரி 20, வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் டிராம் தரிப்பிடத்தில் இருந்தபடியே இறந்துபோனார். டிராம் வந்து, நின்று, போயிருக்கிறது. அடுத்ததற்கு வந்த ஒரு பெண்தான் கவனித்தார். வயது அறுபத்திரண்டு.

அந்த வருடத்து ஆட்டங்கள் ஏப்ரல் 27 அன்று தொடங்கின. அதற்கு முன்பு அணித்தலைவர் அவர் மனைவியிடம் போய், "அக்கா, பையை வேற ஆரிட்டயும் குடுப்பமோ?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏன், நானும் செத்துப்போனனே?" என்றாராம் அக்கா.

அதனால் பை தொடர்ந்து போய் வந்தது. ஏழாம் இலக்கச் சட்டையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அக்காவும் நினைக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மடித்தபடி அடியில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள்தானே எல்லாத்தையும் திகதி போட்டு எழுதி வைக்கிறனீங்கள். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

"பின்னேரம் வாறன் அக்கா."

"இல்லை. சட்டையள் காயமுதல் வாங்கோ."

அவர் இருந்த கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான சலவை அறை நிலவறையில். கெல்லர் என்று சொல்வோம். தாழ்ந்த கூரை, சுண்ணாம்பு மணம், சுவரில் ஒரு மின்விளக்குப் பொத்தான். அழுத்தினால் சில நிமிடம் எரிந்து தானாகவே அணையும். கொடியில் நீலச் சட்டைகள் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கின. கடைசிக்கு முன்னால் ஏழாம் இலக்கம்.

"நேற்று எத்தினை பேர் விளையாடினவை?"

"பதினொண்டு."

"எண்ணுங்கோ."

எண்ணினேன். பன்னிரண்டு.

"ஏப்ரல் முடியேக்கை இருந்து இப்பிடித்தான்," என்றார் அக்கா. "முதல் கிழமை நான் நினைச்சன், மடிச்சுக் கிடந்ததையும் நான்தான் விசர்த்தனமா மெசினுக்குள்ள போட்டிட்டன் எண்டு. பேந்து கவனிக்கத் தொடங்கினன். ஒருக்கா உட்பக்கத்தை வெளியாலை திருப்பி, மடிச்சு, ஆக அடியில வச்சனான். நல்லபக்கம் வெளியாலை வந்து, மேல சுருண்டு கிடக்கு. முதுகு நனைஞ்சு. தோளில தைலம்."

"பழைய தைலமா இருக்கும் அக்கா. அது துணியை விட்டுப் போகாது."

"முப்பத்தைஞ்சு வரியமா அந்த மணத்தோட படுத்தெழும்பினனான் தம்பி. பழசு எது, புதுசு எது எண்டு எனக்குத் தெரியாதே?"

அப்போது விளக்கு அணைந்தது. இரண்டு பேரும் பொத்தானுக்குப் போகவில்லை. தரையில் சொட்டும் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா இருட்டுக்குள் இருந்தே மிகுதியைச் சொன்னார். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார், தன்னோடு வரும்படி கேட்கிறார். டிசம்பர் கடைசியோடு வீட்டை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. பெட்டிகளும் வாங்கியாயிற்று.

"ஆனா ஏலாமல் கிடக்கு," என்றார். "ஆரோ ஒரு மனிசன் போடுறான் எண்டால், சரி, போடட்டும். எனக்கு அந்தாளின்ர பேரைச் சொல்லுங்கோ, நான் மகளிட்டப் போறன். தெரியாமல் என்னெண்டு விட்டிட்டுப் போறது?"

கண்டுபிடிக்கிறேன் என்று சொன்னேன். அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. பதினைந்து பேர் கொண்ட அணி, இருபது வருடத்து ஸ்கோர் புத்தகங்கள், தொலைபேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள்.

புத்தகம் கைகொடுக்கவில்லை. காரணம் என் வேலை முறைதான். சட்டையில் இலக்கம் இருப்பதே ஸ்கோர் எழுதுபவனுக்காக. நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. நடையைப் பார்த்தே ஆளைத் தெரியும். தொப்பியைச் சரிசெய்யும் விதத்தில் தெரியும். இத்தனை வருடம் பழகியவர்களின் முதுகை யார் வாசிக்கிறார்கள்? எங்கள் அணியில் எல்லோருமே அப்படித்தான். யாருக்கு எந்த இலக்கம் என்று கேட்டால் தன்னுடையதைத் தவிர ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு மனிதர் பருவம் முழுவதும் ஏழாம் இலக்கத்தைப் போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் நின்றிருந்தாலும் அதைக் கண்டிருக்க மாட்டோம்.

படங்களில் அந்த இலக்கம் இல்லை. ஆனால் முதுகு காட்டியபடி யாரும் படத்துக்கு நிற்பதில்லை. அணித்தலைவரிடம் கேட்டேன்.

"அண்ணை, சட்டை பதினாறும் திரும்பி வந்துதோ எண்டு எண்ணுறதுதான் என்ர வேலை. ஆர் எதைப் போட்டது எண்டு நான் பாக்கிறேல்லை. குளிருக்கு ஆரும் உள்ளுக்குப் போட்டிருப்பினம்."

"ஜூலை வெயிலுக்குமோ?"

அவர் தரையைப் பார்த்தார்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு. அன்று நானே பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு ஓவர் முடியும்போதும் மைதானத்தில் நிற்பவர்களை எண்ணினேன். பதினொன்று. முதுகுகளை வாசித்தேன். ஏழு இல்லை. ஆட்டம் முடிந்ததும், கைகொடுக்க எல்லோரும் நடுவில் கூடியிருந்தபோது, நான் முதலில் கொன்டெய்னருக்குள் போனேன். பை உட்காரும் வாங்கின் கீழே இருந்தது. மேலாகவே ஏழாம் இலக்கம் கிடந்தது. கையை வைத்தேன். முதுகுப் பக்கம் ஈரம். தோள் பக்கம் இன்னும் சூடு, அப்போதுதான் கழற்றிய சட்டைக்கு இருக்கும் சூடு. வெளியே அவர்கள் சிரிப்பது கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்க் கை கழுவினேன். சாப்பிடும்போது தைலம் மணத்தது.

செப்டம்பரில் பாரிசுக்கு வெளியே ஐரோப்பியத் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி நடந்தது. இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றோம். இரண்டாம் இடத்துக்கான பரிசும் அதிர்ஷ்டச்சீட்டு விற்பனையில் ஒரு பகுதியும் சேர்ந்து இரண்டாயிரத்து நானூறு யூரோ கிடைத்தது. எங்களுக்கு இது புதுச் சிக்கல். செப்டம்பர் 21 அன்று மழையால் ஆட்டம் நடக்கவில்லை. கொன்டெய்னருக்குள் தேநீரோடு இருந்து அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

"மண்டபம் எடுத்துச் சாப்பிடுறதெண்டால் போன வருசம் மாதிரித்தான்," என்றார் விக்கெட் காப்பாளர். "ஒரு ஆட்டத்துக்கும் வராதவன் குடும்பத்தோட வந்து ஆட்டிறைச்சி சாப்பிடுவான். மழைக்குள்ள நிண்டவன் சட்டி கழுவவேணும்."

"நீர் கழுவினனீரோ?" என்றார் அணித்தலைவர்.

"என்ர மனுசி கழுவினவ."

"அப்ப பரிசு மனுசிக்குத்தான்."

எங்களுக்குள் இருந்த ஒரே கோயம்புத்தூர்க்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். ஆஹெனில் படித்து இங்கே வேலைக்கு வந்த பொறியியலாளர். ஜூனில் நாற்பது வயது நிறைந்த அதே வாரம் எங்களோடு சேர்ந்தார். இரவில் விழித்திருந்து அமெரிக்க பேஸ்போல் பார்ப்பவர்.

"அண்ணா, அமெரிக்கால இதுக்கு ஒரு சிஸ்டம் இருக்குங்ணா. அங்க ப்ளேயர்ஸுக்கு சேலரி ரெகுலர் சீசனுக்கு மட்டும்தான். அது முடிஞ்சு ப்ளே-ஆஃப் போனா தனியா சம்பளம் கிடையாது. அந்த மேட்சுகளோட டிக்கெட் கலெக்ஷன்ல ஒரு பகுதியை ஒண்ணாப் போட்டு வெப்பாங்க. எந்த டீம் எவ்வளவு தூரம் போச்சோ அதுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக் கொடுப்பாங்க."

"அது டீமுக்கு. டீமுக்குள்ள ஆர் பிரிக்கிறது? முதலாளியோ?"

"அதாங்ணா மேட்டரே. ஓனர் தலையிட முடியாது. ப்ளேயர்ஸே கதவைச் சாத்திட்டு ஓட்டுப் போடுவாங்க. சிலருக்கு ஃபுல் ஷேர், சிலருக்குப் பாதி, கால். பாதி சீசன்ல வந்தவன், அடிபட்டு உக்காந்தவன், மசாஜ் பண்றவர், துணி துவைக்கறவர், யாருக்கு வேணாலும் போடலாம்."

"ஏன் போட்டனாங்கள் எண்டு சொல்லவேணுமோ?"

"வேண்டாங்ணா. யாரும் கேக்க மாட்டாங்க."

அணித்தலைவருக்கு அது பிடித்துவிட்டது. "நல்ல முறை. ஆர் ஆர் வாக்குப் போடலாம்?"

"முழு சீசனும் இருந்தவங்க."

"நீர் எப்ப வந்தனீர்?"

"ஜூன்லங்ணா."

"அப்ப நீர் வாக்கெடுப்பண்டைக்கு வெளியில நிக்கவேணும்."

மழைச் சத்தத்தை மீறிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நானே சொல்லி நானே மாட்டிக்கிட்டேன்" என்றார்.

வீட்டுக்குப் போய் அந்த முறையைப் பற்றி ஒரு வாரம் வாசித்தேன். வாசித்த அளவில் அவர் சொன்னது சரி. ஒவ்வொரு தொடரிலும் முதல் சில ஆட்டங்களின் நுழைவுச்சீட்டுப் பணம்தான் பொதுப் பணத்துக்குப் போகிறது. கடைசி ஆட்டங்களினது போவதில்லை. பணத்துக்காக ஒருவரும் தொடரை வேண்டுமென்றே நீட்டக்கூடாது என்பதற்காகவாம். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். இன்னொன்றும் வாசித்தேன். பருவத்தின் நடுவில் இறந்துபோன சக ஆட்டக்காரருக்கு முழுப்பங்கு வாக்களித்து, அதை அவர் குடும்பத்துக்கு அனுப்பிய அணிகளும் உண்டு. இதை நான் எங்கள் அணியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இங்கே குறிப்பிட வேண்டியது அது.

வாக்கெடுப்பு ஒக்டோபர் 12, ஞாயிறு, பகல் இரண்டு மணிக்கு. முழுப் பருவமும் இருந்தவர்கள் பதின்மூன்று பேர் கொன்டெய்னருக்குள். கோயம்புத்தூர்க்காரரும், சத்திரசிகிச்சை முடிந்து ஜூலையில் திரும்பி வந்த இன்னொருவரும் வெளியே புல்லில். எண்ணுவதற்கு நான். எனக்கும் பங்கு போடலாமா என்று கேட்டார்கள், எண்ணுபவனுக்கு வேண்டாம் என்றேன். ஆளுக்கொரு அச்சிட்ட தாள் கொடுத்தேன். பதினாறு வரிகள்: பதின்மூன்று பேர், வெளியே நிற்கும் இரண்டு பேர், கடைசியாக "சட்டை தோய்த்தவர்". ஒவ்வொன்றுக்கும் எதிரே முழு, பாதி, இல்லை என்று எழுத வேண்டும். பெயர் எழுதக்கூடாது. பள்ளிக்கூடச் சோதனை மாதிரித் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். யாரும் யாரோடும் கதைக்கவில்லை. இது எனக்கு நிச்சயம். நான் கதவில் சாய்ந்து நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாள்களை விரித்தேன். பதின்மூன்று பேருக்கும் முழு. வெளியே நின்ற இருவருக்கும் பாதி. தோய்த்தவருக்கு முழு. இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். ஆனால் முதல் தாளில், அச்சிட்ட வரிகளுக்குக் கீழே, பேனாவால் ஒரு பதினேழாவது வரி இருந்தது. "7 – முழு."

இரண்டாம் தாளிலும் அது இருந்தது. மூன்றாவதிலும். எழுத்து வேறு வேறு, பேனா வேறு வேறு. ஒருவர் ஏழைச் சொல்லாக எழுதியிருந்தார். ஒருவர் அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். பதின்மூன்று தாளிலும் அந்த வரி இருந்தது.

"இது என்னெண்டு?" என்றேன்.

"காரணம் கேக்கிறேல்லை எண்டுதானே முறை," என்றார் விக்கெட் காப்பாளர்.

"அவர் இந்த வருசம் ஒரு ஆட்டமும் விளையாடேல்லை."

எங்கள் வேகப்பந்துவீச்சாளர், வாய் திறந்து கதைக்காத மனிதர், சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நிண்டவர்தானே அண்ணை."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் மறுக்கவுமில்லை. வெளியே இருந்து கோயம்புத்தூர்க்காரர் கதவைத் தட்டி, "முடிஞ்சுதாங்ணா? குளுருது" என்றார். அப்போதுதான் எல்லோரும் அசைந்தார்கள். மொத்தம் பதினாறு பங்கு வந்தது. பங்கொன்றுக்கு நூற்றைம்பது யூரோ.

அந்த வாரம் எனக்கு மூன்று அழைப்புகள் வந்தன. செவ்வாய்க்கிழமை விக்கெட் காப்பாளர்.

"அண்ணை, அந்தச் சட்டையைப் போட்டது நான்தான். அக்காவிட்டச் சொல்லிவிடுங்கோ. அவ நிம்மதியா மகளிட்டப் போகட்டும்."

"மே பதினொண்டும் நீரோ? ஜூலை ஆறும் நீரோ?"

"எல்லா நாளும் நான்தான்."

புதன்கிழமை அணித்தலைவர். "உங்களிட்ட அண்டைக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. நான்தான் போட்டனான். மே பதினொண்டு, ஓம். ஜூலை, ஓம். அக்காவுக்குச் சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமை வேகப்பந்துவீச்சாளர். அவரும் அதையே சொன்னார், அதே திகதிகளுக்கு. அவரிடம் மட்டும் ஒன்று கூடுதலாகக் கேட்டேன்.

"தோளுக்குத் தைலம் பூசினனீரோ?"

"தைலமோ? எனக்கு அது ஒத்துக்கொள்ளாது அண்ணை, தோல் கொப்பளிக்கும்." பிறகு, "ஏன், தைலம் இருந்ததோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குரல் மாறிவிட்டது. நான் வேறு கதை கதைத்து வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு, இரண்டு உறைகளோடு அக்காவிடம் போனேன். நேரம் ஒரு மணி பின்னுக்குப் போன நாள். அவர் சமையலறை மணிக்கூடு இன்னும் பழைய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் அட்டைப் பெட்டிகள் விரிக்காமலே சாய்ந்து கிடந்தன. இரண்டு மாதத்தில் ஒன்றுகூட நிரம்பவில்லை. வரும் வழியில் இரயிலுக்குள் ஒரு முடிவெடுத்திருந்தேன். மூன்று பேரில் ஒருவரின் பெயரைச் சொல்லிவிடுவது. விக்கெட் காப்பாளரைத் தேர்ந்திருந்தேன். அவர் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"இது தோய்ச்சதுக்கு," என்று முதல் உறையைக் கொடுத்தேன். வாங்கி, எண்ணாமலே தேயிலை டப்பாவுக்குள் வைத்தார்.

"மற்றது?"

"ஏழாம் இலக்கத்துக்கு. எல்லாரும் வாக்குப் போட்டவை."

அதை அவர் தொடவில்லை. "ஆர் போட்டது, கண்டுபிடிச்சீங்களோ?"

அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. என் வாழ்க்கையில் தெரிந்தே ஒரு பிழையான பதிவை நான் எழுதியதில்லை. சொல்லவும் வரவில்லை.

"மூண்டு பேர் தாங்கள்தான் எண்டு சொல்லினம் அக்கா."

"மூண்டு பேரோ? வேற வேற நாளிலயோ?"

"இல்லை. ஒரே நாளுகளில."

"ஒரு சட்டைக்குள்ள மூண்டு பேர் நிண்டவையோ?" சிரித்தார். அந்த வருடம் நான் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு அது, நடுவிலேயே நின்றுவிட்டது. "அப்ப ஒருத்தரும் இல்லை."

"அக்கா, நல்லதுக்குச் சொன்ன பொய். அவ்வளவுதான். நாலாவதா ஒருத்தன் சொல்லாமல் இருப்பான்."

அவர் உறையை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

"அப்பிடியெண்டால் இதை என்னட்டத் தராதேங்கோ. விளையாடினவருக்குத்தானே பங்கு. சட்டையோட வையுங்கோ. போட்டது ஆரோ, அந்தாள் எடுக்கட்டும்."

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி எனக்குச் சொல்லுங்கோ. நான் வந்து அதையும் சட்டையையும் கொண்டுபோறன்."

"நீங்கள் டிசம்பரில வெளிக்கிடுவீங்களோ?"

ஒரு பெட்டியை எடுத்து விரித்து அடியை மடித்தார். "ஓம், இனிப் போகலாம். எடுத்தாலும் எடுக்காட்டியும் எனக்குத் தெரியவரும், இருந்து காவல் காக்கத் தேவையில்லைத்தானே."

நவம்பர் 2, ஞாயிறு, பருவத்தின் கடைசி நாள். சட்டைகளைக் குளிர்காலத்துக்குக் கட்டி வைத்தோம். உறையின் முகப்பில் "7" என்றும் அன்றைய திகதியும் எழுதி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டேன். ஏழாம் இலக்கச் சட்டைக்குள் வைத்து, கைகளை உள்ளே மடக்கி, நானே மடித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு என்றும் அவர்களுக்குச் சொன்னேன். பையை இரும்புப் பெட்டிக்குள் வைத்து அணித்தலைவர் பூட்டினார். கொன்டெய்னரின் திறப்பு அவரிடம் ஒன்று, பேஸ்போல் கழகத்திடம் ஒன்று. இரும்புப் பெட்டியின் திறப்பு அவரிடம் மட்டும்.

அக்கா டிசம்பர் 29 அன்று போய்விட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு, புதிய பருவத்தின் முதல் ஆட்டம். பூட்டு இருந்தபடியே இருந்தது. துருப்பிடித்து, திறப்பு திரும்பக் கொஞ்சம் எண்ணெய் விடவேண்டி வந்தது. பையை நான் திறந்தேன். ஏழாம் இலக்கம் நான் மடித்த மடிப்பு கலையாமல் கிடந்தது, கைகள் உள்ளே மடங்கியபடி. விரித்தேன். உறை இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன், பதினாறு சட்டையையும் உதறினேன். இல்லை.

"எடுத்தாச்சோ?" என்றார் அணித்தலைவர். "நல்லது." உடனே நாணயச் சுழற்சிக்கென்று வெளியே போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் சட்டையை எடுத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் போனார்கள். எடுத்தவன் வெட்கப்படுகிறான் என்றால் ஒருவன்தான் வெட்கப்பட வேண்டும். எல்லோரும் அப்படியே போனார்கள். ஏழாம் இலக்கத்தை நான் மறுபடி மடித்து அடியில் வைத்தேன்.

ஆட்டம் தொடங்கிச் சில ஓவர்களுக்குப் பிறகு, ஸ்கோர் மேசையிலிருந்தே ஸ்டுட்கார்ட்டுக்கு அழைத்தேன்.

"எடுத்தாச்சு அக்கா."

அவருக்குப் பின்னால் குழந்தைகள் ஓடும் சத்தம்.

"ஆர் எண்டு தெரியுமோ?"

"தெரியேல்ல."

"பரவாயில்லை," என்றார். குரல் ஓய்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "இஞ்ச எனக்கு நித்திரை வருது தம்பி. பெட்டியெல்லாம் பிரிச்சு அடுக்கியாச்சு." பிறகு, "இப்ப விளையாடுகினமோ?"

"ஓம். நாங்கள்தான் பந்துபோடுறம்."

"எத்தினை பேர் நிக்கினம்?"

"பதினொண்டு."

"வடிவா எண்ணிப் பாருங்கோ."

மைதானத்தைப் பார்த்தேன். சூரியன் எதிரே இருந்தது. எல்லைக்கோட்டுப் பக்கம் நின்றவர்கள் கறுப்பாகத்தான் தெரிந்தார்கள். எண்ணத் தொடங்கி, ஐந்தோடு நிறுத்தி, பேனாவை எடுத்து நடந்துகொண்டிருந்த ஓவரை எழுதினேன். அதற்குள் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அணியின் பதிவேட்டில் பரிசுப் பணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பதினைந்து பங்குகளுக்கு எதிரே பெற்றவரின் கையொப்பம் இருக்கிறது. பதினாறாவதற்கு எதிரே நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஏழாம் இலக்கத்துக்குரிய நூற்றைம்பது யூரோ நவம்பர் 2க்கும் ஏப்ரல் 19க்கும் இடையில் எடுக்கப்பட்டது. பெற்றவர் யார் என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.